பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிவர்ஸ் கேமரா போடலாமா?

கேள்வி, 9 செப்டம்பர் 2023

பெரம்பூரில் இருக்கிறேன். போன மாதம் 2004 மாடல் சான் ஸ்டார்ம் ஒன்று வாங்கினேன், துணிக் கூரை வண்டி. கூரை மூடியிருந்தால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. ரிவர்ஸ் கேமரா போடலாமா? போட்டால் பழைய வண்டியின் அழகு கெட்டுவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். இதே வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லவும்.

9 செப்டம்பர் 2023, இரவு

இதே வண்டிதான் என்னிடமும். தண்டையார்பேட்டையில் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ரெண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின், ஃபைபர் பாடி. கூரையை மடக்கிவிட்டால் கழுத்தைத் திருப்பினாலே பின்பக்கம் முழுக்கத் தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்? டேஷ்போர்டில் ஒரு திரையை ஒட்டி, பின்னால் ஓட்டை போட்டு, வயர் இழுத்து... உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. இந்த வண்டியை வாங்கியதே கையாலும் கண்ணாலும் ஓட்டத்தானே.

10 செப்டம்பர் 2023

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். கூரையை மடக்கினால் என்று எழுதினேன். சென்னையில் வருடத்தில் எத்தனை நாள் கூரையை மடக்கி ஓட்டுகிறோம்? மே மாத மத்தியானத்தில் முடியாது. மழையில் முடியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, அந்தப் புகையிலும் தூசியிலும் முடியவே முடியாது. என் கணக்குப்படி பத்து நாள் ஓட்டினால் எட்டு நாள் கூரை மூடித்தான் இருக்கிறது.

மூடினால் பின்னால் இருப்பது கண்ணாடி இல்லை, வளையும் பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, மடித்து மடித்துக் கோடு விழுந்து, இப்போது எண்ணெய்த்தாள் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. பாலிஷ் போட்டால் ரெண்டு மாதம் தாங்கும். அதனால் பின்னால் தெரியவில்லை என்று கேட்டவர் சொல்வது உண்மை. இருந்தாலும் கேமராவுக்குப் போகும் முன் அந்தப் பிளாஸ்டிக்கை மாற்றிப் பாருங்கள். டாப் தைக்கும் கடையில் புதுத் தாள் வைத்துத் தைத்துத் தருவார்கள். புதுசு தைத்ததும், கூரையை மடக்கும் முன் நடுவில் ஒரு மெல்லிய துணியைப் போட்டு மடக்குங்கள். கோடு விழாது.

14 செப்டம்பர் 2023

மணலி நண்பர் ஒருவர், கேமரா வேண்டாமென்றால் சென்சார் போடலாமே என்று கேட்டிருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன் இதை யோசித்து விட்டுவிட்டேன். காரணம் ஃபைபர் பம்பர்.

சாதாரணக் காரில் பிளாஸ்டிக் பம்பரில் வட்டமாக ஓட்டை போட்டு சென்சாரை அமுக்கிவிடுவார்கள், அரை மணி நேர வேலை. ஃபைபரில் அதே மாதிரி டிரில்லை வைத்து அமுக்கினால் மேல்பூச்சு நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பு பெயின்ட்டுக்கு அடியில் மெதுவாக ஓடும், ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில், முதலில் பிட்டைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு மேல்பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே உள்ளே இறக்க வேண்டும். அவ்வளவு பொறுமை உள்ள ஆளை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. இந்த சென்சார் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. சுவர், கார், தூண் எல்லாம் நன்றாகத் திருப்பி அனுப்பும். மெல்லிய கம்பி தப்பிவிடும். துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பம்பருக்குக் கீழே தாழ்வாக இருப்பதும் தப்பிவிடும். எங்கள் சந்தில் பின்னால் வருவதெல்லாம் இந்த மூன்று ரகத்தில்தான் இருக்கிறது.

1 அக்டோபர் 2023

பேச்சு வண்டியின் அழகைப் பற்றிப் போய்விட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது சோழவரத்தில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். ரேஸ் நாளில் என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு செங்குன்றம் தாண்டிக் கூட்டிப் போவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடக்கணக்காக ரேஸ் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வெயில், மண், பெட்ரோல் வாசனை, அப்பா கையில் வேர்க்கடலைப் பொட்டலம். காது ரெண்டு நாளைக்கு ஙொய் என்று இருக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மேலே எதுவும் கூடுதலாக ஒட்டாத, எடை இல்லாத வண்டி என்று அங்கேதான் மனதில் பதிந்தது. கேமரா வேண்டாம் என்று நான் சொன்னதில் பாதி அந்த எட்டு வயதுப் பையன் சொன்னது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் வண்டி தப்பித்தது. மூன்றாம் தேதி இரவே மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக நிறுத்திவிட்டேன். பைக் தப்பவில்லை, சீட் வரை தண்ணீர். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கேமரா பேச்சு அப்புறம்.

22 டிசம்பர் 2023

நான் செப்டம்பரில் எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேமரா போடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு முட்டுச்சந்தில் கடைசி. சந்தின் நீளம் அறுபது மீட்டர் இருக்கும், அகலம் ஒன்பதடி. உள்ளே திருப்ப இடம் கிடையாது. மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால், மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே வர வேண்டும். ரெண்டு பக்கமும் திண்ணை, குடம், பைக், கயிற்றில் துணி. பதினோரு வருடமாக வந்துகொண்டுதான் இருக்கிறேன்.

பைக் ரிப்பேரில் இருப்பதால் இன்று மணலி முதல் ஷிப்டுக்குக் காரை எடுத்தேன். காலை ஐந்தேகால். மார்கழி ஆறாம் நாள், கோயிலில் பாட்டு போட்டுவிட்டார்கள். பனி விழுந்ததால் கூரை மூடியிருந்தது, பின் பிளாஸ்டிக்கில் முத்து முத்தாகத் தண்ணீர். துடைத்துவிட்டுத்தான் ஏறினேன். ரெண்டு பக்கக் கண்ணாடியும் பார்த்தேன், சந்து காலி. ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டேன். ரெண்டு மூன்றடி போயிருப்பேன். டிக்கியில் டப டப என்று யாரோ தட்டினார்கள்.

பிரேக் அடித்து இறங்கி ஓடினால், எதிர்வீட்டு ஆயா. வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாசலுக்கும் சேர்த்து வருடாவருடம் அவர்தான் போடுவார். பம்பருக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண் இடம். கோலமாவுக் கிண்ணம் டயருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"இன்னா கண்ணு, நான் குந்திகினு இருக்கறது தெர்லியா?" என்றார். கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். என் கை நடுங்கியதைப் பார்த்து அவரே என்னைப் பிடித்துத் திண்ணையில் உட்காரவைத்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஷிப்டுக்குப் போகவில்லை.

பக்கக் கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பக்கத்தைத்தான் காட்டும். நடுக்கண்ணாடி பின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. அந்த ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடி உயரம், டிக்கி அதற்குப் பின்னாலும் நீள்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் அந்த மறைவில் முழுதாக அடங்கிவிடுவார். பிளாஸ்டிக்கைப் புதுசாக மாற்றினாலும் அந்த மறைவு போகாது. செப்டம்பரில் நான் சொன்ன யோசனை இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

23 டிசம்பர் 2023

தூக்கம் வராமல் படித்தது. அமெரிக்காவில் 2018 மே 1 முதல் தயாரான எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்கம் காட்டும் கேமரா கட்டாயம். பம்பருக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள இடம் ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. இந்த விதிக்கு அடிப்படையான சட்டத்துக்கு கேமரன் கல்ப்ரான்சன் என்ற குழந்தையின் பெயர். வயது 2. சொந்த வீட்டு வாசலில் அப்பா ரிவர்ஸ் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்த குழந்தை. சட்டம் கையெழுத்தானது 2008-இல். முழுதாக நடைமுறைக்கு வர மேலும் 10 வருடம் ஆனது.

நம் ஊரில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். கேமரா கட்டாயம் இல்லை. நம் வண்டி மாதிரிப் பழசுக்கு ரெண்டுமே கட்டாயம் இல்லை, நாமாகப் போட்டுக்கொண்டால்தான் உண்டு.

அந்த அப்பாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

31 டிசம்பர் 2023

கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போய் வந்தேன். புதுப்பேட்டையிலும் ரெண்டு கடை ஏறினேன். பார்த்ததைச் சொல்கிறேன், கேட்டவருக்கு உதவும்.

நம்பர் பிளேட் ஃபிரேமோடு வரும் கேமராதான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். ஓட்டை போட வேண்டாம், ஃபிரேமை மாட்டினால் முடிந்தது. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் என் வண்டியில் இப்போது இருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். அதை மாட்டியிருக்கும் பூட்டு ஒருமுறைதான், கழற்றினால் உடைந்துவிடும். அந்த ஃபிரேமின் விளிம்பு ஹாலோகிராமை மறைக்கிறது. வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

வயர்லெஸ் கேமராவும் உண்டு. வயர்லெஸ் என்பது படத்துக்கு மட்டும்தான், ரெண்டு முனைக்கும் கரண்டு வயர் எப்படியும் இழுக்க வேண்டும். வீட்டு வைஃபை ஓடும் அதே அலைவரிசையில் ஓடுகிறது. எங்கள் சந்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு வைஃபை இருக்கிறது. படம் ஒரு நொடி உறைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும். வேண்டாம்.

வாங்கியது: கட்டை விரல் பருமனில் வயர் உள்ள சின்னக் கேமரா, 1,100 ரூபாய். நடுக்கண்ணாடி மேல் பட்டையால் மாட்டும் 4.3 அங்குலத் திரை, 2,400. ரிவர்ஸ் போடாத நேரம் அது வெறும் கண்ணாடிதான், திரை இருப்பதே தெரியாது. டேஷ்போர்டில் ஒரு ஸ்குரூ கூட இல்லை. வேண்டாமென்றால் பட்டையைக் கழற்றினால் வண்டி பழையபடி. பெரம்பூர் நண்பரின் மெக்கானிக்குக்கு இது பதிலாக இருக்கும்.

7 ஜனவரி 2024

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்து மாட்டினேன். கூலி 800. படம் வந்தது, ஆனால் கறுப்புப் பட்டை ஒன்று கீழிருந்து மேலே உருண்டுகொண்டே போகிறது. பிரேக் மிதித்தால் படம் முழுக்க நடுங்குகிறது. கேமரா டூப்ளிகேட் என்கிறார் அவர். கடைக்குப் போனால் மாட்டியவர் தப்பு என்கிறார்கள். நாளைக்கு நானே பிரித்துப் பார்க்கிறேன்.

8 ஜனவரி 2024

கண்டுபிடித்துவிட்டேன். சான் ஸ்டார்ம் மட்டுமில்லை, ஃபைபர் பாடி உள்ள எந்த வண்டிக்கும் இது முக்கியம்.

சாதாரணக் காரில் பாடியே இரும்பு, பாடியே எர்த், அதாவது கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. எலக்ட்ரீஷியன்கள் கறுப்பு வயரை அருகில் இருக்கும் ஏதோ ஒரு போல்ட்டில் சொருகிவிட்டுப் போவார்கள், வேலை செய்யும். எங்கள் வண்டியிலும் பழக்கத்தில் அப்படியே செய்திருக்கிறார், டிக்கி உள்ளே ஒரு போல்ட்டில். அந்த போல்ட் பிடித்திருப்பது ஃபைபரை. ஃபைபரில் கரண்டு ஓடாது.

பிறகு படம் எப்படி வந்தது? இதுதான் ஆளைக் குழப்பியது. மஞ்சள் பின் உள்ள வீடியோ வயரில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை. அந்த வலை முன்னால் திரையின் எர்த்தோடு சேர்கிறது. கேமரா தன் எர்த்துக்கு வேறு வழி இல்லாமல் அந்த வலை வழியாகவே திரும்பிப் போயிருக்கிறது. படமும் கரண்டும் ஒரே வழியில் போனால் பட்டை விழாமல் என்ன செய்யும்.

சரிசெய்தது இப்படி. ரிவர்ஸ் லைட்டுக்கு ஏற்கெனவே ரெண்டு வயர் வருகிறது, ஒன்று பிளஸ், ஒன்று எர்த். அந்த எர்த் வயர் கம்பெனியிலிருந்தே சேஸிஸ் வரை, அதாவது வண்டியின் உலோக அடிச்சட்டம் வரை போகிறது. கேமராவின் சிவப்பை லைட்டின் பிளஸ்ஸிலும், கறுப்பை லைட்டின் எர்த்திலும் சால்டர் வைத்தேன். சிவப்பில் 1 ஆம்பியர் ஃபியூஸ். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுட்டேன். பட்டை போய்விட்டது, படம் பளிச்.

கேமராவும் நல்ல கேமராதான், கடைக்காரரைத் தப்பாக நினைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியனையும் குறை சொல்ல மாட்டேன், அவர் ஃபைபர் வண்டியைத் தொட்டதே முதல்முறை. போய்ச் சொன்னேன், நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

16 ஜனவரி 2024

மாட்டுப் பொங்கல் லீவில் செய்த வேலை. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு வருகிறது அல்லவா, அதை நம்பி எடுக்காதீர்கள். அந்தக் கோடு எல்லா வண்டிக்கும் பொதுவாகக் கேமராவிலேயே போட்டு அனுப்புவது. உங்கள் கேமரா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஸ்டீயரிங் ஒடித்தாலும் அது வளையாது. அகல லென்ஸ் என்பதால் பக்கத்தில் இருப்பதும் தள்ளி இருப்பது போலத்தான் தெரியும்.

நான் அளந்தேன். எதிர்வீட்டு ஆயாவிடம் கோலமாவு வாங்கி, பம்பரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்தில் சந்துக்குக் குறுக்கே மூன்று கோடு இழுத்தேன். திரையின் சிவப்புக் கோடு பம்பரிலிருந்து எழுபது சென்டிமீட்டரில் விழுகிறது. கேமராவை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்து, பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் மெல்லிசாகத் தெரியும்படி வைத்தேன். விளிம்பு தெரிந்தால்தான் கண்ணுக்குக் கணக்கு கிடைக்கிறது.

பிறகு ஆயாவை அதே இடத்தில் உட்காரச் சொன்னேன். வண்டி ஆஃப், சாவி என் பையில் இல்லை, அவர் கையில். நான் உள்ளே உட்கார்ந்து நடுக்கண்ணாடியில் பார்த்தேன், இல்லை. பக்கக் கண்ணாடி ரெண்டிலும் இல்லை. அப்புறம் அவரிடமிருந்து சாவியை வாங்கி, இன்ஜின் போடாமல் சுவிட்சை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியரில் தள்ளினேன். திரையில் முழுசாக இருந்தார், முந்தானையைச் சரிசெய்துகொண்டு. அவரையும் உள்ளே உட்காரவைத்து, நான் போய்ப் பின்னால் குந்திக் காட்டினேன். "இம்மாம் நாளும் நீ கண்ணக் கட்டிகினுதான் ஓட்டுனியா?" என்று கேட்டார்.

20 பிப்ரவரி 2024

கூரையை மடக்கினால் படம் போகிறது, மூடினால் வருகிறது என்று ஒருவாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வீடியோ வயர் கூரைச் சட்டத்தின் கீலுக்கு அடியில் போயிருந்தது, மடக்கும் ஒவ்வொரு முறையும் நசுங்கியிருக்கிறது. கதவடிக் கார்ப்பெட் வழியாக மாற்றி இழுத்துவிட்டேன். இந்த வண்டிக்காரர்கள் வயர் கட்டும் முன் கூரையை நாலு தடவை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

12 மே 2024

வெயிலில் கூரையைத் திறந்தால் திரையில் படமே தெரிவதில்லை என்று எண்ணூர் நண்பர் கேட்டிருந்தார். உண்மை. மேலே வெயில் நேராக அடித்தால் திரை வெளுத்துவிடும். ஆனால் கூரை திறந்திருந்தால் சீட்டில் கொஞ்சம் எழும்பித் திரும்பினாலே டிக்கிக்குப் பின்னால் தரை வரை பார்க்கலாம். மூடும்போது உள்ளே நிழல், படம் தெளிவு. தேவைப்படும் நேரத்தில் தெரிகிறது, எனக்குப் போதும்.

பெரிய தொல்லை தூசிதான். எங்கள் பக்கம் காற்றில் உப்பும் கரித்தூளும் கலந்தே இருக்கிறது, மொட்டைமாடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும். லென்ஸ் மூன்று நாளில் மங்கிவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் வழித்துவிடுகிறேன். வண்டி எடுக்கும் முன் பின்னால் போய் லென்ஸைத் துடைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

17 அக்டோபர் 2024

ரெண்டு நாள் மழை. லென்ஸுக்குள் ஆவி படிந்துவிட்டது, எல்லாம் பால் நிறம். டப்பாவில் ஐபி67, அதாவது தண்ணீர் புகாத ரகம் என்று போட்டிருந்தான். தண்ணீர் லென்ஸ் வழியாகப் போகவில்லை, பின்னால் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் சுருங்கி அந்த வழியாகப் போயிருக்கிறது. கழற்றி ரெண்டு நாள் அரிசி டப்பாவில் வைத்துக் காயவிட்டு, வயர் நுழையும் இடத்தில் சிலிகான் அடைத்தேன். இணைப்புப் பின்னில் பச்சை பிடித்திருந்தது, தேய்த்து கிரீஸ் வைத்தேன். வயரை நேராக இழுக்காமல் கேமராவுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு இழுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

மாற்று வழியாக 3,000 ரூபாயில் நல்ல ரகம் வாங்கலாம். இதே மீண்டும் ஆவி பிடித்தால் அதைத்தான் செய்வேன்.

1 டிசம்பர் 2024

இதை எழுதலாமா என்று ஒருவாரம் யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரிவர்ஸில் சந்தைத் தாண்டி மெயின் ரோட்டு முனைக்கு வந்துவிட்டேன். கண் திரையில். திரையில் யாரும் இல்லை. இடது பக்கத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான், பள்ளிக்கூடப் பையன், மீன் வாங்கிக்கொண்டு வருகிறான். திரையின் ஓரத்தில் அவன் தெரிவதற்குள் பம்பர் பக்கத்தில் வந்துவிட்டான். அவன் பிரேக் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. நான் இடது கண்ணாடியைப் பார்த்திருந்தால் அவனை மூன்று வீடு முன்பே பார்த்திருப்பேன்.

பதினோரு வருடம் கேமரா இல்லாமல் ஓட்டியபோது கழுத்து தானாகத் திரும்பும். பத்து மாதத்தில் அந்தப் பழக்கம் போயிருக்கிறது. இது எனக்குப் பயமாக இருக்கிறது. கேமராவைக் கழற்ற மாட்டேன், ஆயாவின் முதுகு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் வரிசையை மாற்றிக்கொண்டேன். ஏறும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை. உட்கார்ந்ததும் முதலில் திரை, பின்னால் தாழ்வாக யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே கிளட்ச். வண்டி நகர ஆரம்பித்த பிறகு பக்கக் கண்ணாடியும் கழுத்தும், நடுநடுவே திரையை ஒரு பார்வை. சந்து முனையில் முழுசாக நிறுத்தி, ஹாரன் கொடுத்து, யாராவது நின்றால் கையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். டீக்கடைக்காரர் இப்போது நான் வரும் சத்தம் கேட்டாலே வெளியே வந்து நின்று "வா வா வா" என்கிறார்.

இன்னொரு விஷயம், ராயபுரம் அண்ணன் ஒருவர் கேட்டதற்காக. கேமரா எல்லாம் இந்தக் காலத்து விஷயம், பழைய வண்டிக்குப் பொருந்தாது என்று எழுதியிருந்தார். 1956-இலேயே பியூக் கம்பெனி சென்டூரியன் என்ற காட்சிக் காரில் பின்பக்கம் டிவி கேமராவும் டேஷ்போர்டில் திரையும் வைத்துக் காட்டியது. விற்பனைக்கு வந்த காரில் என்றால் ஜப்பானில் 1991 டொயோட்டா சோரர். அதுவும் ரெண்டு கதவு வண்டிதான் அண்ணே. நம் வண்டிகளைவிட மூத்தது.

22 டிசம்பர் 2024

கேள்வி கேட்ட பெரம்பூர் தம்பி ஒன்றேகால் வருடம் கழித்து வந்து, வாங்கப் போகிறேன், கணக்கு மட்டும் சொல்லுங்கள் என்கிறார். சொல்கிறேன் தம்பி.

வீடியோ வயர் 6 மீட்டர் போதும், நம் வண்டிக்கு மிச்சமே வரும். மிச்சத்தைச் சுருட்டி டிக்கியில் வைக்காதீர்கள், ஈரம். சீட்டுக்குப் பின்னால் கட்டுங்கள். வயரோடு ஒட்டிவரும் மெல்லிய சிவப்பு வயர், திரையை எழுப்பும் வயர். அதை ரெண்டு முனையிலும் இணைக்காவிட்டால் ரிவர்ஸ் போட்டாலும் திரை இருட்டாகவே இருக்கும். பெரும்பாலானவர்கள் கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான். எர்த் மட்டும் ரிவர்ஸ் லைட்டின் எர்த்திலிருந்து, எந்த போல்ட்டிலிருந்தும் வேண்டாம். எலக்ட்ரீஷியன் அடம்பிடித்தால் ஜனவரி 8-ஆம் தேதி நான் எழுதியதைக் காட்டுங்கள்.

ஞாயிறு காலை வண்டியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் நானே சால்டர் வைத்துத் தருகிறேன். ஏழு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் சந்தில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.